நாற்றங்காலும் நோய்க்கட்டியும்



சென்ற ஆண்டு சம்பா நடவு முடிந்திருந்த வேளை. ஒருநாள் மாலை, செபமாலை முடித்துப் பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் நம்மைக் காண வந்தது. கணவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அவர்களுக்குப் பின்னால் கோலூன்றி வந்த பாட்டி என நால்வர். அந்தக் கணவர் வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா நிலம் வைத்துப் பயிர் செய்பவர். வயது 58. கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க முதலில் தோள் கொடுப்பவர். அன்று அவர் பேசவில்லை. இடக் கன்னத்தின் உட்புறம் புண். நான்கு மாதங்களாக அதை வெற்றிலைச் சாற்றுக்குள் மறைத்தே வைத்திருந்தாராம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் சோதித்து, புற்றுநோய் என்று சொல்லி, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

மகள் கைப்பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து நம் முன் வைத்தாள். ஒன்று அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம். அதில் கையொப்பம் ஆகிவிட்டது. மற்றொன்று வெறுமையாக இருந்தது. வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு சிறு துண்டை ஆராய்ச்சிக்குத் தரவும், அதன் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மருந்துகளைச் சோதிக்கவும் அனுமதி கேட்கும் படிவம் அது.

“அறுத்து எறிய வேண்டியதை வளர்த்தால், நோயையே வளர்ப்பதாக ஆகாதா, சாமி?” என்று கேட்டார் மனைவி.

“கடைசி நாளில் உடம்போடு எழுந்திருக்க வேண்டுமே, சாமி. ஒரு துண்டு பட்டணத்துக் குப்பியில் கிடந்தால் என்ன செய்வது?” என்றார் பாட்டி.

“இதற்காகக் கருவிலுள்ள உயிர் எதையாவது அழிக்கிறார்களா, சாமி?” என்று கேட்டாள் மகள்.

இறுதியில் அந்தக் குடும்பத் தலைவர் வாயை மெல்லத் திறந்து கேட்டார்: “இதனால் எனக்குக் குணமாகுமா, சாமி?”

நான்கு கேள்விகளுக்கும் அன்றே மறுமொழி சொல்லும் அறிவு நமக்கு இல்லை. மூன்று நாள் தவணை கேட்டோம். மருத்துவராகப் பணிபுரியும் ஓர் அருட்சகோதரியிடம் கேட்டும், கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்தோம். அவர்களுக்குச் சொன்னதையே இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறோம். இப்படிப்பட்ட படிவம் நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

நமக்குத் தெரிந்த நெல்லிலிருந்தே தொடங்குவோம். ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டிலிருந்து நெல் ஆராய்ச்சி நடந்து வருகிறது. அங்கு உருவான ஆடுதுறை 27 என்னும் நெல், 1960-களில் நம் பகுதிக் குறுவை வயல்களில் பரவியதைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். புதிய நெல்லை எவரும் முதல் நாளே வேலிக்கணக்கில் விதைப்பதில்லை. சிறு பாத்திகளில் இட்டு, தண்ணீரைத் தாங்குமா, பூச்சியைத் தாங்குமா என்று பார்க்கிறார்கள். ஆடுதுறைப் பாத்தியில் செழித்தது வேதாரண்யத்து உவர் நிலத்தில் கருகிப் போகலாம். ஆகவே அந்தந்த மண்ணிலும் சோதிக்கிறார்கள். பாத்தியில் தோற்றால் நட்டம் ஒரு படி விதை. வயலில் தோற்றால் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு.

புற்றுநோய் மருந்துக்கு அத்தகைய சோதனைப் பாத்தி நெடுங்காலம் சரியாக அமையவில்லை. கண்ணாடித் தட்டில் தட்டையாகப் பரவி வளரும் உயிரணுக்களில் சோதித்தார்கள். உடலுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டு திரண்டு வாழும் உயிரணுக்கள், தட்டில் பரப்பி வளர்க்கும்போது தம் இயல்பில் பலவற்றை இழந்துவிடுகின்றன. பிறகு எலிகளில் சோதித்தார்கள். எலிக்குக் குணம் தந்த மருந்து மனிதருக்கும் தரும் என்பதற்கு உறுதி இல்லை. மனிதரிடம் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூட முடிவில் அங்கீகாரம் பெறுவதில்லை. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மருந்தும் ஒருவருக்குக் கேட்கிறது, அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கேட்பதில்லை. கேட்குமா கேட்காதா என்பது, முடி உதிர்ந்து, வாந்தி எடுத்து, உடல் மெலிந்து, மாதங்கள் கழிந்த பின்னரே தெரிய வருகிறது. நோயாளியின் உடலே சோதனை வயலாக இருந்து வந்திருக்கிறது.

இந்த நிலையை மாற்றும் வழி ஒன்று நெதர்லாந்து நாட்டில் திறந்தது. அதுவும் நம் காவிரிப் பகுதியைப் போல, ஆறுகள் பிரிந்து கடலில் சேரும் தாழ்நில நாடுதான். அங்கே உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், ஜப்பானியரான தோஷிரோ சாத்தோவும் அவருடைய தோழர்களும் 2009-ஆம் ஆண்டில் எலியின் சிறுகுடலிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து, உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார்கள். அவை குடலின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற மேடு பள்ளங்களோடு சிறு உருண்டைகளாக வளர்ந்தன. 2011-ஆம் ஆண்டில் மனிதக் குடலிலிருந்தும் அவ்வாறே வளர்த்தார்கள். இத்தகைய உருண்டைக்கு ஆர்கனாய்டு என்று பெயர். உறுப்பைப் போன்றது என்பது பொருள். நாம் இங்கே அதைச் சிற்றுறுப்பு என்று அழைப்போம்.

நோய்க்கட்டியிலிருந்தும் இதை வளர்க்கலாம். அறுவையில் எடுத்த துண்டை நறுக்கி, நொதி நீரில் ஊறவைத்து உயிரணுக்களைப் பிரிக்கிறார்கள். அவற்றைப் பாகு போன்ற ஒரு பொருளில் கலந்து துளித்துளியாக இடுகிறார்கள். அந்தப் பாகுதான் அவற்றுக்குச் சேறு. மேலே ஊற்றும் சத்து நீரில் வளர்ச்சித் தூண்டிகள் கலந்திருக்கும். மனித உடலின் சூடாகிய 37 டிகிரியில் பெட்டிக்குள் வைத்துக் காத்தால், சில வாரங்களில் உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும் உருண்டைகள் தோன்றுகின்றன. கண்ணால் பார்த்தால் நொய்யரிசியினும் சிறியவை. ஆனால் அந்த நோயாளியின் கட்டியிலுள்ள மரபணுக் கோளாறுகளைப் பெரும்பாலும் அப்படியே சுமந்திருப்பவை. அவற்றைப் பல குழிகளில் பிரித்து வைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு மருந்தை இட்டு, எது சாகிறது, எது தழைக்கிறது என்று பார்க்கிறார்கள். சோதனைப் பாத்தி இப்போது நோயாளியின் சொந்த மண்ணிலேயே அமைந்துவிடுகிறது.

இது எந்த அளவுக்கு மெய்யாகிறது? இலண்டன் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடலிலும் இரைப்பையிலும் தோன்றி உடலில் பரவிய புற்றுநோய் உள்ளவர்களின் கட்டியிலிருந்து சிற்றுறுப்புகளை வளர்த்து, அவற்றில் மருந்து செய்ததையும் அதே மனிதரின் உடலில் மருந்து செய்ததையும் ஒப்பிட்டார்கள். மருந்து கேட்காது என்று சிற்றுறுப்பு காட்டிய இடங்களிலெல்லாம் நோயாளிக்கும் கேட்கவில்லை. கேட்கும் என்று காட்டிய இடங்களில் 100-க்கு 88 என்ற அளவில் கேட்டது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலரே. ஆயினும் பயனற்ற மருந்தின் வேதனையிலிருந்து ஒருவரை முன்கூட்டியே காக்க முடியும் என்ற நம்பிக்கையை அது தந்தது.

நம் நண்பரின் நோயாகிய வாய்ப்புற்றுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டில் உட்ரெக்ட் அறிஞர்கள், வாயிலும் தொண்டைப் பகுதியிலும் புற்றுநோய் கண்ட 31 பேரின் கட்டிகளிலிருந்து சிற்றுறுப்புகளை வளர்த்தார்கள். மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறாக மறுமொழி தருவதைக் கண்டார்கள். நம் நாட்டில் வாய்ப்புற்றின் பெருங்காரணம் பாக்கும் புகையிலையும். வேறொரு நாட்டு நோயாளியின் கட்டியில் கண்டது வெற்றிலை பாக்கு போடும் நம்மவர் கட்டிக்கு அப்படியே பொருந்துமா என்பதை, நம்மவர் தரும் திசுவைக் கொண்டுதான் அறிய முடியும். இப்படிவத்தின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

இவ்வகை ஈகை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாமல் உழைத்ததால், 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து 1959-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் பழக்கங்களை ஒளிக்காமல் சொன்ன ஏழை நோயாளிகள் இல்லாமல் அந்த ஆராய்ச்சி இல்லை. இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. நோயாளிகள் சம்மதித்துத் தரும் திசுக்கள் அங்கே காக்கப்படுகின்றன. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து கண்ட மரபணு விவரங்களை அந்த நிறுவனம் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மத்திய அரசும் 2023-ஆம் ஆண்டில் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, மனிதருக்குக் கொடுக்குமுன் நடத்தும் சோதனைகளில் சிற்றுறுப்பு முறைக்கும் இடமளித்தது.

இனி நால்வர் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

மனைவியின் அச்சத்துக்கு மறுமொழி எளிது. ஆய்வுக்கூடத்தில் வளரும் கட்டிக்கும் கணவரின் உடலுக்கும் இனித் தொடர்பு இல்லை. பெட்டியை விட்டு வெளியே வைத்தால் அது மடிந்துபோகும். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. களையைப் பிடுங்கி வரப்பில் போடாமல், அதன் வேரை அறிய ஒரு தொட்டியில் வைத்துப் பார்ப்பது போன்றது இது.

பாட்டியின் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நாம் சிரிக்கவில்லை. உடலின் உயிர்ப்பை அவ்வளவு உறுதியாக நம்புகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அவரிடம் இப்படிச் சொன்னோம்: “அம்மா, 2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மறுநாள் நாகைக் கரையிலும் வேளாங்கண்ணியிலும் கடல் கொண்டுபோனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அவர்களை ஆண்டவர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டாரா? அறுத்தெடுத்த கட்டியை மருத்துவமனை எப்படியும் எரித்துவிடும். எரிவதில் ஒரு துளி பிறருக்குப் பயன்படட்டுமே.” பாட்டி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

மகளின் கேள்வி திருச்சபை கேட்கும் கேள்வியே. மூல உயிரணு என்றவுடன் நமக்கு ஐயம் எழுவது நியாயம். கருவை அழித்து எடுக்கும் மூல உயிரணுக்களைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் வளர்ந்த மனிதரின் உடலிலிருந்து, அவருக்குக் கேடு விளையாமல் எடுப்பதை 2008-ஆம் ஆண்டில் வெளியான மனித மாண்பு பற்றிய போதனை ஏடு குற்றமற்றதாக ஏற்கிறது. இப்படிவம் கேட்பது தந்தையின் கட்டியிலிருந்து வளரும் சிற்றுறுப்பை. இதில் கருவுக்கு இடமில்லை. எல்லாச் சிற்றுறுப்புகளும் இவ்வகையைச் சேர்ந்தவை என்று நாம் சொல்ல மாட்டோம். எதிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்பது நம் கடமை.

நான்காவது கேள்விதான் நம்மை மூன்று இரவுகள் உறங்கவிடாதது. “இதனால் எனக்குக் குணமாகுமா?” ஆம் என்று சொல்ல நம் நாக்கு துடித்தது. ஆனால் அது உண்மையன்று. இது ஆராய்ச்சி. கட்டிகளில் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்தில் வளர்வதே இல்லை. வளர்ந்தாலும் அதில் இரத்தக் குழாய் இல்லை, நோயை எதிர்க்கும் காவல் உயிரணுக்கள் இல்லை. ஆகவே அது முழு உடலுக்கு ஈடாகாது. முடிவு தெரிய வாரங்கள் ஆகும். அதற்குள் மருத்துவர்கள் தெரிந்த சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும். ஆகவே அவரிடம் சொன்னோம்: “மகனே, இதனால் உமக்குப் பயன் கிடைக்காமலே போகலாம். உமக்குப் பின் வருகிறவருக்குக் கிடைக்கலாம். கையொப்பம் இடாவிட்டாலும் உமக்குரிய சிகிச்சையில் எள்ளளவும் குறையக் கூடாது. இட்ட பிறகு மனம் மாறினாலும் பின்வாங்க உமக்கு உரிமை உண்டு.”

இதை அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். சிகிச்சையின்போது அவருடைய கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்தில் மடியாமல் பெருகின. இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைச் சோதிக்கவும் இன்னும் எண்ணற்ற ஆராய்ச்சிகளுக்கும் அவை உதவின. ஆனால் அவரிடம் ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கே 1970-களில்தான் செய்தி எட்டியது. உலகுக்கு நன்மை விளைந்தது உண்மை. ஒரு தாய் மனிதராக மதிக்கப்படவில்லை என்பதும் உண்மை. பின்னது முன்னதால் சரியாகிவிடாது. கேட்டுப் பெறுவது கொடை, கேளாமல் எடுப்பது களவு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டில் உறுப்பு மாற்று மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, உறுப்புத் தானத்தை அன்பின் செயலாகப் போற்றியதோடு, கொடுப்பவர் அறிந்து தரும் சம்மதத்தையும் வலியுறுத்தினார். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்றே கூறுகின்றன. ஆகவே படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். திசு எங்கே போகிறது, எதற்குப் பயன்படும், பெயர் மறைக்கப்படுமா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

நாம் சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நாற்று விட்ட இடத்திலேயா சாமி நெல் அறுக்கிறோம்? பிடுங்கி வேறு வயலில்தானே நடுகிறோம்” என்றார். மகளிடம் பேனாவை வாங்கி, திண்ணையிலேயே படிவத்தை வைத்துத் தம் கையால் கையொப்பம் இட்டார்.

அறுவை முடிந்தது, கதிர்ச் சிகிச்சையும் முடிந்தது. பேச்சு சற்றுக் குழறுகிறது. கஞ்சியும் குழைந்த சோறும்தான் உணவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய்வருகிறார். அவருடைய துண்டு ஆய்வுக்கூடத்தில் முளைத்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டு அவர் அலையவும் இல்லை. வீட்டிலிருந்த பித்தளை வெற்றிலைப் பெட்டியில் இப்போது மகளின் தையல் நூல் இருக்கிறது.

வாசகர்களே, ஒரு வார்த்தை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது; நம் கொடிக்கால்காரர்களுக்கு அது பெருமை. இலைமீது நமக்குக் கோபம் இல்லை. ஆனால் அதனுள் வைத்து மடிக்கும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே உறுதி செய்துவிட்டது. புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடவுக்குப் போகும் தாய்மாரும், களத்தில் நிற்கும் பெரியவர்களும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நண்பர் மறைத்த அந்த நான்கு மாதங்களை எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.